தோலில் ஏறிய கொடிக்கரு

கண்டி மாநகரிலே தலதா மாளிகைக்கும் ஏரிக்கும் அணித்தாயுள்ள கைவினைக் கடைகளிற் பித்தளை விளக்கு, வெள்ளித் தட்டம், மரத்திற் செதுக்கிய யானை, அரக்குப் பூசிய செப்பு என்பவற்றோடு தோற்பொருள்களும் விற்கப்படுகின்றன. பணப்பை, கைப்பை, புத்தகவுறை, இடைவார் முதலிய அப்பொருள்களின் முகத்திலே தாமரையும் அன்னமும் பெரகரா யானையும் வளைந்து செல்லும் கொடியும் மேலெழும்பித் தோன்றுமாறு பதிக்கப்பட்டிருக்கும். விரலால் தடவினாற் கொடியின் வளைவு கைக்குத் தெரியும். வாங்குவோர், சிறப்பாகக் கடல் கடந்து வருவோர், இது கண்டியரசர் காலத்துத் தொழில் என்றே எண்ணி மகிழ்கின்றனர். அவ்வெண்ணத்திற் பாதி மெய். மற்றைப் பாதி மெய்யன்று. கொடி பழையது. அக்கொடி தோலின்மேல் ஏறியதோ அண்மைக் காலத்து நிகழ்ச்சி.

பழைய கண்டியிலே தோல் இருந்தது. தகட்டிற் சித்திரத்தை மேலெழும்பச் செய்யும் புடைப்புத் தொழிலும் இருந்தது. ஒன்று அரசனுடைய யானைப் பந்தியிலும் மேளக்காரர் தோளிலும் வாழ்ந்தது. மற்றொன்று அரசனுடைய பட்டறையில் வாழ்ந்தது. ஒரே நகரின் எல்லைக்குள் இவ்விரண்டும் பல தலைமுறைகளாக ஒன்றையொன்று தொடாமலே இருந்தன. தொடாமை என்னும் சொல்லை இங்கே அணிக்காகக் கூறியதாக எவரும் கொள்ளவேண்டா. அது நேர்ப்பொருளிலேயே கூறப்பட்டது. அதன் காரணத்தை ஆராயுமுன், தோலிற் கோலம் பதிதல் என்பது யாது எனச் சிறிது அறிந்துகொள்ளல் நன்று.

உரித்த பச்சைத் தோல் அழுகும் இயல்பினது. அதனைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரையும் சதைப்பற்றையும் நீக்கி, மரப்பட்டைச் சாற்றிலே பல நாள் கிடத்திப் பதனிடுவர். பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நாரிழைகளுக்குள்ளே புகுந்து அவற்றைப் பற்றிக்கொள்கின்றது. இவ்வாறு பதனிட்ட தோலுக்கு ஓர் அரிய குணம் உண்டு. நீரில் நனைத்தால் அது களிமண்போல் இளகி, அழுத்திய அச்சினை ஏற்றுக்கொள்ளும். உலர்ந்தபின் அவ்வச்சினை விடாது வைத்திருக்கும். குரோமிய உப்பினாற் பதனிட்ட தோல் அத்தகையதன்று. அது மென்மையானது, நீருக்கும் வெப்பத்துக்கும் எளிதில் இடங்கொடாதது. சப்பாத்துக்கும் கைப்பைக்கும் மிக நன்று. ஆனால் நனைத்து அழுத்தினால் மீண்டு எழுந்துவிடும். அதன்மேற் கோலம் நிற்கவேண்டுமாயின் சூடேற்றிய உலோகத் தகட்டினாற் பொறியிலிட்டு நெருக்கல் வேண்டும். அப்போதும் கோலம் பெரும்பாலும் மேற்பூச்சிலேயே தங்குகின்றது. அச்சுப்பதித்த தோற்பை சில ஆண்டுகளிற் சமதளமாகிவிட்டது என்று குறைகூறுவோர் பலர். கைவினைஞனை நோவதன் முன் அவர்கள் பதனிட்ட முறையை விசாரித்தல் நலம்.

தோலின் இனமும் கருதத்தக்கது. பசுவின் தோல் தடித்தது, நாரிழை நெருக்கமானது; ஆழமாகக் கீறிக் கோலம் அடிப்பதற்கு அதுவே ஏற்றது. எருமைத்தோல் இன்னும் தடித்தது. ஆயினும் அதன் மேற்புறம் கரடுமுரடாதலின் நுண்ணிய வேலை அதில் விளங்குவதில்லை. வெள்ளாட்டுத்தோல் மெல்லியது, உறுதியானது, தன்னளவிலேயே அழகிய மணிமணியான முகப்புடையது. புத்தகம் கட்டுவோர் அதனை விரும்புவர். செம்மறித்தோல் பஞ்சுபோன்றது, எளிதிற் பதியும், எளிதிற் கிழியும். ஒரே விலங்கின் தோலிலும் முதுகுப்புறம் ஒரு தன்மை, வயிற்றுப்புறம் ஒரு தன்மை. வயிற்றுத்தோல் இழுபட்டு நீளுமாதலின் அங்கே பதித்த வட்டம் நாளடைவில் முட்டை வடிவாகும்.

தொழில் செய்வோன் முதலில் தோலை நனைத்து, ஈரம் மேற்புறத்தில் வற்றி உள்ளே மட்டும் நிற்கும் பதத்துக்குக் காத்திருப்பான். பதம் தவறினால் எல்லாம் தவறும். பின்னர்க் கோலத்தின் எல்லைக் கோடுகளைக் கீறுகத்தியாற் கீறுவான். தோலின் கனத்திற் பாதிக்கு மேற் கத்தி இறங்கலாகாது. பளிங்குக் கல்லின்மேல் அத்தோலை விரித்து, முனையிலே சரிவும் புள்ளியும் வரியும் வெட்டிய இரும்புக் கோல்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் கொட்டாப்புளியால் அடிப்பான். மலரை உயர்த்துவதற்கு அவன் மலரைத் தொடுவதில்லை. மலரைச் சூழ்ந்த நிலத்தைத் தாழ்த்துகின்றான். நிலம் தாழத் தாழ மலர் தானே எழுகின்றது. மெல்லிய ஆட்டுத்தோலாயின் பின்புறத்திலிருந்து மழுங்கிய கருவியால் உந்தி எழுப்பிக் குழிந்த இடத்தைப் பசையும் காகிதக்கூழும் இட்டு நிரப்புதலும் உண்டு. இந்தக் கலைக்கு ஒரு கள்ளத் தம்பியும் உண்டு. முதலையின் செதில் வெட்டிய தகட்டைச் சூடாக்கிப் பசுத்தோலின்மேல் நெருக்கினால் பசு முதலையாகிவிடும். கடையில் விலையும் முதலையின் விலையாகிவிடும்.

இனிக் கண்டியரசின் காலத்துக்குச் செல்வோம். 1660-ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டு, இரண்டாம் இராசசிங்கன் ஆட்சியிற் பத்தொன்பது ஆண்டு கண்டி நாட்டிற் சிறையிருந்து, 1679-இல் தப்பிச் சென்றவன் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி. 1681-இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூல் கண்டி மக்களின் உடை, உணவு, தொழில், சாதி என்பவற்றை அருகிருந்து கண்டவன் எழுதியது. சப்பாத்தும் காலுறையும் அணிதல் அரசனுக்கே உரிய சிறப்பு என்றும், ஆடவரோ பெண்டிரோ வேறு எவரும் அவற்றை அணிய இயலாதென்றும் அவன் எழுதியுள்ளான். பட்டாடையும் பொன்னணியும் பூண்ட பிரதானிகளும் வெறுங்காலோடு நடந்தனர். ஒரு நாட்டிலே ஒரே ஒருவனுடைய பாதத்துக்கு மட்டும் சப்பாத்து உரியதென்றால், அந்த நாட்டிற் சப்பாத்துத் தைப்போர் கூட்டம் எங்ஙனம் பெருகும்? பிற நாடுகளிலே தோற்கலையை வளர்த்தவை காலணி, குதிரைச் சேணம், புத்தகக் கட்டு என்னும் மூன்றுமாம். கண்டியிற் காலணி அரசனோடு நின்றது. மலையும் காடும் செங்குத்தான ஒற்றையடிப் பாதையும் நிறைந்த நாட்டிலே குதிரைக்கு வேலை குறைவு.

சொற்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. இலங்கைத் தமிழர் வழங்கும் சப்பாத்து என்னும் சொல்லும் சிங்களவர் வழங்கும் சபத்து என்னும் சொல்லும் போர்த்துக்கேயர் மொழியிலிருந்து வந்தவை. சிங்களத்திலே செருப்பைக் குறிக்கும் செரெப்பு என்னும் சொல்லோ தமிழிலிருந்து சென்றது. பொருள் வந்த வழியிலேயே பெயரும் வந்தது போலும்.

மூன்றாவதாகிய புத்தகக் கட்டும் கண்டியிலே தோலை நாடவில்லை. மல்வத்தை, அஸ்கிரியை விகாரைகளிற் பேணப்பட்ட ஏடுகள் பனையோலையில், சிறப்பாகத் தாளிப்பனை ஓலையில் எழுதப்பட்டவை. ஓலைகளைத் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் பலகையிட்டுக் கட்டுவர். பலகை அரக்கு வண்ணம் தீட்டிய மரமாகவோ, தந்தமாகவோ, சித்திரம் எழுப்பிய செம்பு அல்லது வெள்ளித் தகடு போர்த்ததாகவோ இருக்கும். ஐரோப்பாவிலே மறைநூலுக்குத் தோலுறையிட்டுப் பொன்னெழுத்துப் பதித்த அதே காலத்தில், கண்டியிலே திரிபிடக ஏட்டுக்கு வெள்ளிப் பலகையிட்டுக் கொடிக்கரு எழுப்பினர். செய்கை ஒன்றே; செய்த பரப்பு வேறு.

அப்படியாயின் கண்டி நாட்டில் இறந்த மாட்டின் தோல் எங்கே சென்றது? அதற்கு விடை ரொடியர் என வழங்கப்பட்ட மக்களின் வரலாற்றில் உள்ளது. சாதி வரிசையின் கடைக்கோடிக்குத் தள்ளப்பட்ட இம்மக்கள் பிறருடைய கிணற்றில் நீர் மொள்ளக்கூடாது, பிறரைத் தீண்டக்கூடாது, பிச்சையெடுத்து வாழவேண்டும் என்பது அக்கால நியதி. அரசனுடைய தண்டனையாக உயர்குடிப் பெண்களை இவர்களிடம் ஒப்படைத்துவிடும் கொடுமையையும் நொக்ஸ் குறித்துள்ளான். இத்தகைய மக்கள் அரசனுக்குச் செலுத்தவேண்டிய இறை யாது? யானை பிணிக்கும் தோற்கயிறு. 1821-இல் கண்டி நாட்டைப் பற்றி நூல் வெளியிட்ட மருத்துவர் ஜோன் டேவியும், 1859-இல் இலங்கை வரலாறு எழுதிய எமர்சன் தெனன்றும் காட்டு யானையைச் சுருக்கிட்டுப் பிடிப்பதற்கும் கட்டுவதற்கும் மான், எருமை முதலியவற்றின் தோலாலாகிய கயிறு பயன்பட்டமையையும், அதனைத் தருவது ரொடியர் கடமையாயிருந்தமையையும் கூறியுள்ளனர். மதங்கொண்ட யானை இழுத்தாலும் அறாத கயிறு திரிப்பது எளிய தொழிலா? தோலின் நாரிழை எப்பக்கம் ஓடுகின்றது, எவ்வளவு ஈரத்தில் முறுக்கவேண்டும் என்பதெல்லாம் அறிந்தவனே அதனைச் செய்ய வல்லவன். இக்காலமாயின் அவனைத் தொழில்நுட்பம் அறிந்தவன் என்பர். அக்காலத்தில் அவன் கயிற்றைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றான்.

தோலைத் தொட்ட மற்றொரு கூட்டத்தார் பெரவா எனப்பட்ட மேளக்காரர். இவர்கள் நிலை ரொடியர் நிலையினும் மேலானது. ஆயினும் தாழ்வாகவே கருதப்பட்டது. கண்டி நடனத்துக்கு உயிராகிய கெட்ட பெர என்னும் மேளத்தின் உடல் கொன்றை, வேம்பு, பலா முதலிய மரத்தைக் குடைந்து ஆக்கப்படும். அதன் ஒரு முகத்துக்கு மாட்டுத்தோலும் மறுமுகத்துக்குக் குரங்குத்தோலும் கட்டுவது பழைய வழக்கு. கனத்த தோல் ஒரு குரலும் மெல்லிய தோல் மற்றொரு குரலும் தரும். நம் மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோலும் வேண்டியிருத்தலை நேயர்கள் அறிவர். வாசிப்பவரின் பெயரை அறிந்த அளவுக்கு மூட்டுபவரின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. தலதா மாளிகையிலே நாடோறும் பூசைவேளையில் ஹேவிசி முழங்குகின்றது. தவுலும் தம்மட்டமும் ஒலியாது பூசை தொடங்குவதில்லை. காலணியாக வந்த தோல் வாயிலுக்கு வெளியே நிற்க, மேளமாக வந்த தோல் உள்ளே சென்று முதல்வணக்கம் செலுத்துகின்றது. அதனைச் செய்தவனுக்கும் சுமந்தவனுக்கும் அந்த மதிப்பு ஊருக்குள்ளே கிட்டவில்லை.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இதே கதை தமிழ் மக்களிடையே தொடர்ந்தது. 1820-களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1867-இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் தெயிலர் தேயிலை பயிரிட்டார். இத்தோட்டங்களுக்குத் தென்னாட்டிலிருந்து வந்த மக்கள் தம்முடன் தப்பையும் கொண்டுவந்தனர். விடியுமுன் தப்பொலி எழுந்தால் தோட்டம் எழும். காமன் கூத்தும் அதனோடே நடக்கும். தீயிலே காய்ச்சிப் பதம்பார்த்து அதனை அடித்தவரும், கண்டி முதலிய நகரங்களிலே துப்புரவுப் பணிக்கும் செருப்புத் தைக்கும் பணிக்கும் கொண்டுவரப்பட்ட அருந்ததியரும், தோலோடு சேர்ந்த தாழ்வையும் கடல் கடந்து சுமந்து வந்தனர்.

இவ்வாறு தோல் ஒருபுறம் நிற்க, புடைப்புக்கலை மறுபுறத்தில் அரசனுடைய நிழலிலே செழித்தது. நவந்தன்ன எனப்படும் சிங்களக் கம்மாளரிற் சிறந்தோரைத் தெரிந்து அரசன் நான்கு பட்டறைகளில் அமர்த்தினான். பட்டல் ஹதர என்பது அவற்றின் பெயர். ஆபரணம், முடி, பொன்வாள், சிங்காசனம் என நான்கும் வகுக்கப்பட்டன. பட்டறையிலே பணிபுரிந்தோருக்கு மானிய நிலம் உண்டு. இன்றும் கண்டியைச் சூழ்ந்த நீலவல, பிலிமத்தலாவை, நத்தரம்பொத்தை முதலிய ஊர்களிற் சித்திரத் தட்டமும் விளக்கும் செய்வோர் உளர்.

அவர்கள் செய்முறை தோற்செய்முறைக்கு நேர்மாறானது. வெள்ளியையோ செம்பையோ அடித்துத் தகடாக்கி, காய்ச்சி இளக்கி, பிசினும் செங்கற்பொடியும் எண்ணெயும் கலந்த மெழுகுப் படுக்கையின்மேல் ஒட்டுவர். படுக்கை இளகியதாயின் தகடு ஆழமாக இறங்கும்; இறுகியதாயின் மேலோட்டமாக நிற்கும். கோலத்தின் கோடுகளைச் சிற்றுளியால் தட்டி வரைந்தபின் தகட்டைப் புரட்டிப் பின்புறமிருந்து மலரை உந்துவர். மீண்டும் புரட்டி முன்புறத்தில் இதழின் விளிம்பையும் இலையின் நரம்பையும் திருத்துவர். தகடு விறைத்தாற் காய்ச்சுவர், மீண்டும் தொடர்வர். ஒரு கைவினைஞனிடம் பல்வகை முனையுடைய உளிகள் ஏராளமாக இருக்கும். பெரும்பாலும் அவனே செய்துகொண்டவை. சுண்ணாம்புச் செப்பாகிய கில்லோட்டை, வெற்றிலைத் தட்டம், தமிழர் இல்லங்களிலும் அதே பெயரால் வழங்கிய படிக்கம், கத்திப்பிடி, ஏட்டுப்பலகை என அவர்கள் கை படாத பொருள் அக்காலப் பிரபுக்களின் இல்லத்தில் அரிது.

கோலங்களுக்கும் வரையறுத்த பெயர்கள் உண்டு. அலையலையாக வளைந்து செல்லும் கொடி லியவெல. தாமரையிதழ் வரிசை பலாபெத்தி. கொடியின் நுனியிலே பெண்ணுருவம் பூப்பது நாரிலதா. கழுத்துப் பின்னிய அன்னங்கள் ஹம்ச புட்டுவ. இருதலைப்புள் பேருண்ட பட்சி. எம்பெக்கைத் தேவாலயத்து மரத்தூண்களிலும் இவற்றிற் சிலவற்றைக் காணலாம். இவை முற்றும் கண்டிக்கே உரியன என்று வழக்காடுதல் வீண். இருதலைப்புள்ளைத் தென்னிந்தியர் கண்டபேரண்டம் என்பர். கண்டிக்கு அருகே கடலாதெனிய விகாரையை 1344-இல் அமைத்த தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்பவன். அதே காலத்து லங்காதிலக விகாரையிலே தமிழ்க் கல்வெட்டும் உண்டு. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் தென்னாட்டு நாயக்கர் வழியினர். கடல் இடையில் இருந்தும் கொடிக்கு அது தடையாகவில்லை.

1815-இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றினர். சிறீ விக்கிரம இராசசிங்கனுடைய சிங்காசனமும் முடியும் இங்கிலாந்து சென்றன. பொற்றகடு போர்த்துச் சித்திரம் எழுப்பிய அந்தச் சிங்காசனம் 1693-இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு வழங்கியது. 1934-இல் அது இலங்கைக்குத் திரும்பிவந்து கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டது. சிங்காசனம் திரும்பிவர நூற்றுப்பத்தொன்பது ஆண்டாயிற்று. பட்டறைக்கு அரசன் திரும்பிவரவேயில்லை. 1832-இல் இராசகாரியம் என்னும் ஊழியமுறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கியது நன்மையே. ஆனால் ஊழியத்தோடு ஆதரவும் நீங்கியமையாற் கம்மாளரிற் பலர் உளியை விட்டுக் கலப்பையைப் பற்றினர். 1882-இற் கண்டிக் கலைச் சங்கம் தோன்றியது. அதன்பின் கனிப்பொருள் ஆராய்ச்சியாளராக வந்து, 1903 முதல் மூன்று ஆண்டளவு இலங்கையிற் பணியாற்றிய கலாநிதி ஆனந்த குமாரசுவாமி, கல்லை ஆராயச் சென்ற ஊர்களிலே கலையைக் கண்டார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய அத்தமிழர் கண்டிக் கம்மாளரின் அருகிலிருந்து அவர்களின் உளியையும் உலையையும் ஓவியத்தையும் குறித்துக்கொண்டு, இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை 1908-இல் அச்சிட்டு முடித்தார். வில்லியம் மொறிசு பயன்படுத்திய அதே கையச்சுப் பொறியில், 425 படிகளே அச்சிடப்பட்டன. இன்று தோலின்மேற் காணும் லியவெலயைக் கண்டிக் கொடி என்று பெயர்சொல்லி அழைக்க உலகுக்குக் கற்றுக்கொடுத்த நூல் அது.

தோலுக்கு இனி வருவோம். ஆங்கிலேயராட்சியிலே சப்பாத்து அரசனுடைய தனியுரிமையாக இருக்கவில்லை. துரைமாரின் குதிரைக்குச் சேணமும், கச்சேரிப் பதிவேட்டுக்குத் தோற்கட்டும், தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கு இடைவாரும் வேண்டியிருந்தன. அக்காலத்திலே தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களிலே தோல் பதனிடும் தொழில் பெருகிற்று. ஆவாரம்பட்டைச் சாற்றிலே பதனிட்டுக் கடுக்காயால் முடித்த அத்தோல் கீழிந்தியத் தோல் என்னும் பெயரால் இலண்டன் சந்தையில் விலைபோயிற்று. நம் வீட்டு முற்றத்திற் பூத்து, பொங்கலன்று வாசலை அலங்கரிக்கும் ஆவாரையின் பட்டைதான் உலகின் நல்ல சித்திரத் தோல்களில் ஒன்றுக்கு மூலம். சிங்களவர் அதனை ரணவரா என்பர். பூவைக் காய்ச்சிக் குடிப்பர். பட்டை பின்னாளிற் போதாமையாகி, தென்னாபிரிக்க வாற்றில் மரப்பட்டையும் அதனுடன் சேர்ந்தது.

இந்தத் தோலிலே இந்தியக் கோலத்தைப் பதித்து அதற்கு ஒரு கௌரவம் தேடிக்கொடுத்தது வங்காளத்துச் சாந்திநிகேதனமாகும். தாகூரின் மைந்தர் ரதீந்திரநாதரும் மருமகள் பிரதிமாதேவியும் ஐரோப்பாவிலே தோற்சித்திரத் தொழிலைப் பயின்று வந்து, 1922-இல் நிறுவிய சிறீநிகேதனத்தின் வாயிலாக அதனைக் கிராமத்து மக்களுக்குக் கற்பித்தனர். தமிழ்நாட்டுப் பதனீட்டு ஆட்டுத்தோலில் அல்பனா என்னும் வங்கக் கோலத்தை எழுப்பி வண்ணந்தீட்டிய பைகள் அங்கே தோன்றின. உயர்குல மாணவர் தோலைக் கையில் எடுத்து அமர்ந்து வேலைசெய்தமை, பையினும் பெரிய காரியம். இதே தாகூர் 1934-இல் இலங்கைக்கு வந்தபோது கண்டி நடனத்தைக் கண்டு மகிழ்ந்தார். சாந்திதேவ கோஷ் அந்நடனத்தைப் பயின்று சாந்திநிகேதனத்துக்குக் கொண்டுசென்றார். ஊருக்குள் மதிப்புப் பெறாத மேளக்காரரின் கலை, கடல் கடந்து ஒரு பல்கலைக்கழகத்தின் மேடையை அடைந்தது.

சுதந்திரத்தின் பின்னர் இலங்கையிலே கைத்தொழிலை வளர்க்கும் முயற்சிகள் பெருகின. 1964-இல் லக்சல என்னும் அரசாங்க விற்பனை நிலையம் தோன்றியது. பயணிகள் வரவு அதிகரிக்க, எளிதிற் சுமந்து செல்லத்தக்க சிறு பொருள்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது. பித்தளை விளக்கு கனமானது. வெள்ளித் தட்டம் விலையுயர்ந்தது. தோற்பை இரண்டு குறையும் அற்றது. அதன்மேல் எந்தக் கோலத்தைப் பதிப்பது என்ற வினாவுக்குக் கண்டியிலே விடை தேடவேண்டியிருக்கவில்லை. தட்டத்திலே இருந்த தாமரையும் ஏட்டுப்பலகையிலே இருந்த கொடியும் காத்திருந்தன.

எனினும் உலோகத்துக் கொடியை அப்படியே தோலில் ஏற்றிவிட இயலாது. கம்மாளன் பின்னிருந்து மலரை உந்திப் பழகியவன். தோல்வினைஞன் முன்னிருந்து நிலத்தைத் தாழ்த்தல் வேண்டும். தகட்டிற் பிழைத்தாற் காய்ச்சித் தட்டிச் சரிசெய்யலாம். தோலிற் கத்தி ஒருமுறை பிசகினால் அந்தத் துண்டு கழிவு. வெள்ளியிலே மயிரிழை போன்ற நரம்பும் கடுகளவு புள்ளியும் ஒளியால் விளங்கும். தோலுக்கு ஒளி இல்லை, நிழலே உண்டு. ஆதலின் லியவெலயின் பெருவளைவு தோலில் நன்கு அமைகின்றது. நாரிலதாவின் முகமோ சிதைந்து பொம்மையாகிவிடுகின்றது. நல்ல வினைஞர் இதனை உணர்ந்து நுணுக்கத்தைக் குறைத்து வளைவைப் பெருக்குவர். பொறியிலே ஒரே அடியாக நெருக்கி எடுப்போர் இதைப்பற்றிக் கவலைப்படுவதில்லை. யானையின் கண்ணும் நெற்றிப்பட்டமும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். கண்டியின் ஈரக்காற்று வேறு தோலுக்குப் பகை. மழைக்காலத்திற் பூஞ்சணம் படரும். உலர்துணியாற் துடைத்துக் காற்றாட வைக்கவேண்டும். இத்தொல்லை வேண்டாமென்று துணியின்மேற் செயற்கைப் பூச்சிட்டுத் தோல்போல் அச்சடித்த பைகளும் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றைப் பதனிட எவரும் கையை நனைக்கவேண்டியதில்லை.

தோல் பதனிடுவோர் கையை நனைத்துக்கொண்டே இருக்கின்றனர். சுண்ணாம்பும் அமிலமும் குரோமிய உப்பும் தோலோடு அவர்களுடைய தோலையும் பதம்பார்க்கின்றன. தொழிற்சாலைக் கழிவு பாலாற்றங்கரையிலே நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது பற்றி 1996-இல் இந்திய உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதி வழக்கிலே கடுமையான தீர்ப்பு வழங்கியது. கடையிலே பையை எடுத்துப் பார்ப்பவருக்குக் கோலம் கண்டிக்கு உரியது என்று விற்பவர் கூறுவர். கோலத்துக்கு அடியிலுள்ள தோல் யார் கையிலிருந்து வந்தது என்று அவரும் கூறுவதில்லை, இவரும் கேட்பதில்லை.

கெட்ட பெர செய்வோர் மரவுடலுக்குச் செம்மை, மஞ்சள், கருமை என அரக்கு வளையங்கள் பூசி அழகுசெய்வர். தோலை இழுத்து வாரினாற் பிணித்து, வெயிலிலே காயவிட்டு, விரலாற் தட்டிக் காதை அருகில் வைத்துக் கேட்பர். ஒலி பிசகினால் அவிழ்த்து மீண்டும் கட்டுவர். மேளமுகத்திலே மட்டும் அச்சு எதையும் பதிப்பதில்லை.